ஜி4ஈயாம், ஜி7ஈயாம்! படத்தைப் பார்த்து ஜாதகம் கணிப்பவர்களுக்கு

ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படம். எங்க பார்த்தாலும் பனி. மூணு எஞ்சின் வச்ச விமானம் ஒண்ணு நிக்குது. ஒரு இறக்கை பாதி படத்துக்கு வெளியே. கதவு இருக்கிற பக்கம் முழுக்க நிழல். வாலில் எழுதியிருக்கிற நம்பர் தெரியல. ஆனா கீழே இருக்கிற படக்குறிப்பு மட்டும் பளிச்சுன்னு இருக்கு: "யுங்கர்ஸ் யூ-52/3எம் ஜி7ஈ, ஸ்டாலின்கிராட், டிசம்பர் 1942."

என் கேள்வி ஒண்ணே ஒண்ணுதான். அந்த "7" எங்கேருந்து வந்துச்சு சாமி?

விமானப் படங்கள் போடுற தளங்கள், தடிமனான புத்தகங்கள், பிளாஸ்டிக் மாடல் டப்பாக்கள், ஏன், சில அருங்காட்சியகப் பலகைகள் வரைக்கும் இந்த வியாதி பரவியிருக்கு. சும்மா "யூ-52" என்று எழுதினால் ஆள் கத்துக்குட்டி. பின்னாடி ஒரு ஜியும் ஒரு நம்பரும் ஒரு ஈயும் சேர்த்தால் உடனே நிபுணர். ஒருத்தர் போட்டதை அடுத்தவர் எடுத்துப் போடுவார். பத்து இடத்தில் வந்ததும் அது "வரலாறு" ஆகிடும். இந்தப் பதிவு அந்தக் கூட்டத்துக்கு எதிரான பதிவு. சொந்தப் பகை எதுவும் கிடையாது, ஆனா சொல்லாம விட முடியல.

முதலில், தெரியாதவங்களுக்கு

யூ-52 இரண்டாம் உலகப்போரில் ஜெர்மானியர்களின் மாட்டு வண்டி. எர்ன்ஸ்ட் ஸிண்டல் வடிவமைத்தது. 1930ல் முதலில் பறந்தபோது இதுக்கு ஒரே ஒரு எஞ்சின். 1932ல் மூணு எஞ்சின் வச்ச வடிவம் வந்தது. "3எம்" என்பதில் இருக்கும் 3 அந்த மூன்று மோட்டார்களைத்தான் குறிக்குது. உடம்பு முழுக்க ஆஸ்பெஸ்டாஸ் கூரை மாதிரி நெளிநெளியான உலோகத் தகடு. மடங்காத சக்கரக் கால்கள். போர் வீரர்கள் செல்லமா வச்ச பேரு "டான்டே யூ", அதாவது யூ அத்தை. ஜெர்மனி, பிரான்ஸ், ஸ்பெயின் எல்லாம் சேர்த்து 4,800க்கு மேல் செய்தார்கள்.

இத்தனை ஆயிரம் செய்யும்போது எல்லாம் ஒரே மாதிரி இருக்காது இல்லையா? அதனால உள்வகைகள். சுருக்கமா:

- ஜி3ஈ: குண்டுவீச்சுக்காகச் செய்தது. பிஎம்டபிள்யூ 132ஏ எஞ்சின், 725 குதிரைசக்தி.
- ஜி4ஈ: ராணுவப் போக்குவரத்து. வாலில் சறுக்குக் கட்டைக்குப் பதில் சக்கரம்.
- ஜி5ஈ: 830 குதிரைசக்தி 132டி எஞ்சின். சக்கரம், மிதவை, பனிச்சறுக்குக் கட்டை மூன்றையும் மாற்றி மாற்றிப் போடலாம்.
- ஜி7ஈ: தானியங்கி விமானி, பெரிய சரக்குக் கதவு.
- ஜி9ஈ: உறுதியான சக்கரக் கால்கள், கிளைடரை இழுத்துப் போகும் கொக்கி, 132இசட் எஞ்சின்.
- ஜி14ஈ: கடைசி ரகம். விமானிக்குக் கவசம், பெரிய துப்பாக்கி.

நடுவில் 6, 8, 10, 12 எல்லாம் உண்டு. எல்லாத்தையும் எழுதினா நீங்க ஓடிருவீங்க.

இப்போ இந்தப் பட்டியலை இன்னொரு தடவை படிச்சுப் பாருங்க. இதில் எத்தனை விஷயம் ஒரு போட்டோவில் தெரியும்? எஞ்சினின் உள் ரகம் தெரியுமா? விமானி இருக்கைக்குப் பின்னாடி இருக்கும் கவசத் தகடு தெரியுமா? *தானியங்கி விமானி* தெரியுமா? அது உள்ளே இருக்கிற கருவிங்க. நூறு அடி தள்ளி நின்னு எடுத்த படத்தில் அதைப் பார்த்தேன்னு ஒருத்தர் சொன்னா, அவருக்கு இருக்கிறது கண் இல்லை, எக்ஸ்ரே.

இந்தப் பதிவின் மொத்த விஷயமே இதுதான். உள்வகை எழுத்து என்பது விமானத்தின் முகம் கிடையாது. தொழிற்சாலையிலிருந்து எந்தச் சாமான்களோட வெளியே போச்சுன்னு சொல்லும் காகிதம் அது. காகிதத்தில் இருப்பதைப் படத்தில் தேடினால் கற்பனைதான் கிடைக்கும்.

"அடையாளங்கள்" ஒவ்வொன்றா வாங்க

"இல்ல நண்பா, வெளியே தெரியிற அடையாளங்களும் இருக்கே" என்று ஒருத்தர் வருவார். இருக்கு. ஒவ்வொண்ணா எடுத்துப் பார்ப்போம்.

*மிதவை.* தண்ணீரில் நிக்கிற யூ-52 படம் கிடைச்சா போதும், கண்ணை மூடிக்கிட்டு "ஜி5ஈ" என்று எழுதிடுறாங்க. ஏன்னா ஏதோ ஒரு புத்தகத்தில் ஜி5ஈக்கு மிதவை போடலாம்னு இருக்கு. போடலாம்னா போட்டது எல்லாம் அதுதான்னு அர்த்தமா? போருக்கு முன்னாடியே பின்லாந்து, நார்வே பயணிகள் விமான நிறுவனங்கள் யூ-52க்கு மிதவை கட்டி ஏரியிலும் கடலிலும் இறக்கிக்கிட்டு இருந்தன. ஜி10ஈக்கும் மிதவை உண்டு. தவிர, மாற்றிப் போடுறதுக்குன்னே செய்த ஒரு சாமானை வச்சு அடையாளம் சொல்றது, ஒருத்தர் போட்டிருக்கும் செருப்பைப் பார்த்து அவர் பிறந்த வருஷம் சொல்ற மாதிரி.

*சக்கர உறை.* சக்கரத்து மேல கண்ணீர்த்துளி வடிவத்தில் ஒரு மூடி. "உறை இருக்கு, அப்போ பழைய ரகம், உறை இல்லை, அப்போ பிந்தைய ரகம்." அப்படியா? ரஷ்யச் சேறு அந்த உறைக்குள் அடைச்சுக்கிட்டுச் சக்கரமே சுத்தாது. கழட்டி ஓரமா எறிஞ்சுட்டு வேலையைப் பார்த்தாங்க. உறை இல்லாத படம் சொல்றது ஒண்ணுதான்: அந்த ஊரில் சேறு இருந்துச்சு, அங்கே இருந்த மெக்கானிக்குக்கு அறிவும் இருந்துச்சு :-)

*வால் சக்கரம்.* இதில் கொஞ்சம் உண்மை இருக்கு. சறுக்குக் கட்டை இருந்தால் அது ஆரம்பகால விமானம் என்று தைரியமாச் சொல்லலாம். ஆனா சக்கரம் இருந்தால்? ஜி3ஈயிலேயே பிந்திய விமானங்களுக்குச் சக்கரம் வந்தாச்சு. அப்போ சக்கரம் உங்களுக்குச் சொன்னது என்ன? கிட்டத்தட்ட ஒண்ணுமில்லை.

*தொங்கும் குப்பைத்தொட்டி.* குண்டுவீச்சு ரகத்தில், சக்கரக் கால்களுக்கு நடுவே வயிற்றிலிருந்து கீழே இறங்கும் உருளை ஒண்ணு இருக்கும். உள்ளே ஒரு ஆள் துப்பாக்கியோட உட்கார்ந்து கீழே பார்ப்பார். இங்கிலீஷ்காரர்கள் இதைக் குப்பைத்தொட்டின்னே கூப்பிட்டாங்க. இது படத்தில் தெரிஞ்சா அருமை, குண்டுவீச்சு ரகம் என்று எழுதலாம். தெரியலைன்னா? அந்த உருளையை உள்ளே இழுத்துக்கலாம். பிற்பாடு போக்குவரத்துக்கு மாற்றியபோது கழட்டியும் வீசினாங்க. "தொட்டி இல்லை, அதனால ஜி3ஈ இல்லை" என்று முடிவு கட்டினா அது தர்க்கமே இல்லை.

*பெரிய கதவு.* ஜி7ஈ கோஷ்டியின் பிரம்மாஸ்திரம். கதவின் அளவு முழுசாத் தெரியுற மாதிரி, சரியான பக்கத்திலிருந்து எடுத்த தெளிவான படம் இருந்தால் இதைப் பற்றிப் பேசலாம். அப்பவும் "ஜி7ஈ அல்லது அதுக்குப் பிந்தையது" என்பதோட நிறுத்தணும். 7க்கு அப்புறம் வந்த ரகங்களும் படத்தில் அப்படித்தான் தெரியும். ஆனா நான் பார்த்த "ஜி7ஈ" படங்களில் பாதி மறுபக்கத்திலிருந்து எடுத்தவை. கதவே தெரியாத படத்தில் கதவை வச்சு அடையாளம். அடேங்கப்பா!

*வளையம்.* விமானத்தைச் சுத்தி ஒரு ராட்சச வளையம் மாட்டின படங்கள் பார்த்திருப்பீங்க. கடலடியில் கிடக்கும் காந்தக் கண்ணிவெடிகளை வெடிக்க வைக்கும் ஏற்பாடு அது. உள்ளே ஒரு ஜெனரேட்டர், வளையத்தில் மின்சாரம், கீழே காந்தப்புலம். இதைவிடப் பளிச்சுன்னு தெரியுற சாமான் யூ-52ல் கிடையாது. ஆனா அது சொல்றது அந்த விமானம் *அப்போ* என்ன வேலை செய்துச்சுன்னுதான். எந்த ரகமாப் பிறந்துச்சுன்னு அது சொல்லாது.

*மேல் துப்பாக்கி.* எதிரி அடிச்சபோதெல்லாம் துப்பாக்கி கூடிக்கிட்டே போச்சு. முன்வரிசைப் பட்டறைகளில் கிடைச்சதைக் கிடைச்ச இடத்தில் மாட்டினாங்க. பெரிய துப்பாக்கி தெரிஞ்சதும் ஜி14ஈ என்று எழுதுறவங்க, அந்தப் பட்டறைக்காரங்களை மறந்துட்டாங்க.

ஆக, கணக்குப் பாருங்க. ஒரு அடையாளம் *இருந்தால்* சில நேரம் ஏதாவது சொல்லும். *இல்லாவிட்டால்* அநேகமா எதுவுமே சொல்லாது. இந்த ஒரு வரியை நெத்தியில் ஒட்டிக்கிட்டால் பாதிப் படக்குறிப்புகள் காணாமப் போயிடும்.

எழுத்தும் நம்பரும் பொய் சொல்லும்

"சரி, உடம்பில் எழுதியிருக்கிற குறியீடு தெரியுதே, அதை வச்சுக் கண்டுபிடிக்கலாமே?" நல்ல கேள்வி. இங்கேதான் நிஜமான வேலை ஆரம்பிக்குது.

தொழிற்சாலையிலிருந்து வரும்போது நாலு எழுத்துக் குறியீடு இருக்கும். அதைத் தொகுதி தொகுதியா ஒதுக்கினார்கள். அதனால படத்தில் அது தெரிஞ்சால் உற்பத்தி எண்ணை நோக்கி நகரலாம். ஆனா விமானம் படைப்பிரிவுக்குப் போனதும் வேறு குறியீடு எழுதுவாங்க. அந்தப் பிரிவுக் குறியீடு விமானத்துக்குச் சொந்தமில்லை, பிரிவில் இருக்கும் இடத்துக்குச் சொந்தம். ஒரு விமானம் விழுந்தால் அதே எழுத்துகள் அடுத்த விமானத்துக்குப் போகும். 1940ல் ஹாலந்தில் எரிஞ்ச விமானமும் 1941ல் கிரீட்டில் இறங்கின விமானமும் ஒரே எழுத்தோட இருக்கலாம். ரெண்டும் ஒண்ணு இல்லை.

பயணிகள் விமானப் பதிவெண்ணிலும் இதே கூத்து உண்டு. ஹிட்லரின் விமானத்துக்கு டி-2600 என்று பதிவெண், பெயர் இம்மெல்மான். யூ-52 அது. பிற்பாடு அவருக்கு வந்த நாலு எஞ்சின் ஃபோக்க-வுல்ஃப் கொண்டோருக்கும் அதே டி-2600தான், பெயர் இம்மெல்மான்-3. பதிவெண்ணை மட்டும் நம்பினால் மூணு எஞ்சின் எப்படி நாலாச்சுன்னு ராத்திரி முழுக்க யோசிக்க வேண்டியதுதான்.

ஜெர்மன் விமானமே இல்லை என்றால்?

இப்போ சொல்லப்போறதுதான் எனக்கு ரொம்பக் கடுப்பேத்துற விஷயம். உள்வகை எழுத்து வரைக்கும் அடிச்சு விடுற பல பேர், அது எந்த நாட்டில் செய்த விமானம் என்றே பார்ப்பதில்லை.

ஸ்பெயினில் காசா நிறுவனம் உரிமம் வாங்கி 170 யூ-52 செய்தது. பெயர் காசா 352. கடைசி 64க்கு ஸ்பெயினிலேயே செய்த பீட்டா எஞ்சின், அவை 352எல். வாஷிங்டன் பக்கத்தில் ஸ்மித்சோனியனின் உட்வர்-ஹேஸி கூடத்தில் லுஃப்தான்சா வண்ணத்தில் நிக்கிறது காசா 352எல். ஒஹாயோவில் அமெரிக்க விமானப்படை அருங்காட்சியகத்தில் இருப்பதும் ஸ்பெயின்காரர்கள் 1971ல் கொடுத்த காசா. இங்கிலாந்தில் காஸ்ஃபோர்டில் இருப்பதும் காசா.

பிரான்ஸ் கதை இன்னும் சுவாரசியம். ஜெர்மனி பாரிஸைப் பிடிச்சு வச்சிருந்தபோது, பக்கத்தில் கொலம்ப் என்ற இடத்தில் இருந்த அமியோ தொழிற்சாலையில் யூ-52 செய்ய வச்சாங்க. 1944ல் விடுதலை வந்தது. தொழிற்சாலையில் பாகங்களும் அச்சுகளும் அப்படியே இருந்தன. பிரெஞ்சுக்காரர்கள் வேலையை நிறுத்தல! ஏஏசி-1 டூகான் என்று பேர் மாத்தி நானூறுக்கு மேல் செய்தாங்க. இந்தோசீனாவில் வியட்நாமியர்கள் மேல் குண்டு போட்டதும் பாராசூட் வீரர்களை இறக்கினதும் அதே நெளித்தகட்டு விமானம்தான். இங்கிலாந்தில் டக்ஸ்ஃபோர்டில் இருப்பது ஏஏசி-1. பிரஸ்ஸல்ஸில் இருப்பதும் அதேதான், போர்ச்சுக்கல் விமானப்படை வழியா வந்தது.

இந்த அருங்காட்சியகங்கள் கேட்டால் உண்மையைச் சொல்கின்றன, அவங்க மேல குறை இல்லை. படம் எடுத்துட்டு வந்து "யூ-52/3எம் ஜி-ஏதோ-ஈ, ஜெர்மன் தயாரிப்பு, 1941" என்று போடும் ஆசாமிகள் மேலதான் குறை. பத்தடி தூரத்தில் இருந்த பலகையைக்கூடப் படிக்கல.

போனஸ் குழப்பம்: யுங்கர்ஸே 352 என்ற நம்பரில் வேற ஒரு விமானம் செய்தாங்க. யூ-352, 1943ல் பறந்தது. மரமும் எஃகும் கலந்தது, மடங்கும் சக்கரம், நெளித்தகடே கிடையாது. காசா 352க்கும் இதுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. ரெண்டையும் ஒண்ணாக்கி எழுதின கட்டுரைகள் உலவிக்கிட்டு இருக்கு. யாரு பெத்த பிள்ளையோ, யாரு வீட்டில் வளருதோ!

ஒரு விமானத்துக்கு எத்தனை உடம்பு?

லுஃப்தான்சாவின் டி-அக்வி பற்றிக் கேள்விப்பட்டிருப்பீங்க. 1936ல் செய்தது, உற்பத்தி எண் 5489. அந்த வருஷமே நார்வேக்குப் போச்சு. 1940ல் ஜெர்மானியர்கள் பறிச்சுக்கிட்டாங்க. போருக்கப்புறம் மறுபடி நார்வே. அப்புறம் தென் அமெரிக்காவில் ஈக்வடார். அங்கே கிடந்து துருப்பிடிச்சு, அமெரிக்கா போய், எழுத்தாளர் மார்ட்டின் கெய்டின் கையில் இருந்து, 1984ல் லுஃப்தான்சா திருப்பி வாங்கியது. 2019ல் அந்த நிறுவனம் பயணிகளை ஏற்றிப் பறப்பதை நிறுத்துச்சு.

இதில் ஒரு ட்விஸ்ட். போருக்கப்புறம் நார்வேயில் பழுது பார்த்தபோது, வேறொரு யூ-52ன், அதாவது போர்க்காலத்தில் செய்த ஒன்றின், உடற்கூட்டைப் போட்டுட்டு பழைய அடையாள எண்ணையே வச்சுக்கிட்டாங்க. பின்னாடி எஞ்சின்களும் மாறிப்போய் அமெரிக்க பிராட் அண்ட் விட்னி வந்தாச்சு.

இப்போ சொல்லுங்க நிபுணர்களே. இது 1936 விமானமா, போர்க்கால விமானமா? என்ன எழுத்து போடுவீங்க? காகிதத்துக்கா, தகட்டுக்கா, எஞ்சினுக்கா? "எந்தக் காலத்தில், எந்தப் பாகத்தில்" என்று கேட்காமல் இதுக்குப் பதிலே கிடையாது. ஒரே ஒரு எழுத்தில் இதை அடைக்கிறவர் மூணு கதையைக் கொன்னுட்டு ஒரு லேபிள் ஒட்டுறார்.

"அட, ஒரு எழுத்துக்கு இவ்வளவு அலப்பறையா?"

வருது பாருங்க இந்தக் கேள்வி. ஒரு எழுத்தாலே என்ன குடி முழுகிடும்?

முதல்ல, இது வெறும் அத்தை விமானம் இல்லை. 1936ல் ஃப்ராங்கோவின் படையை மொராக்கோவிலிருந்து ஸ்பெயினுக்குத் தூக்கிட்டு வந்தது யூ-52. 1937 ஏப்ரல் 26ல் கெர்னிகா ஊர் மேல குண்டு கொட்டின விமானங்களிலும் யூ-52 இருந்துச்சு. குண்டுவீச்சு ரகம். அதுக்கப்புறம் போக்குவரத்துக்கு மாற்றினாங்க. ஸ்பெயினில் எடுத்த ஒரு படத்துக்குக் கீழே, வால் சக்கரத்தை மட்டும் பார்த்துட்டு "ஜி4ஈ, போக்குவரத்து விமானம்" என்று ஒருத்தர் எழுதினால் என்ன நடக்குது? குண்டு போட்ட விமானம் மூட்டை தூக்கின விமானமா மாறிடுது. ஒரே எழுத்து. ஆனா அதுக்குப் பின்னாடி ஒரு ஊர் எரிஞ்சிருக்கு.

ரெண்டாவது, யார் செய்தாங்க என்ற கேள்வி. டெஸ்ஸாவ் மட்டும் இல்லை. லைப்ஸிக், வெஸர் நிறுவனம், கொலம்ப், ஹங்கேரி என்று பல இடங்களில் உருவாச்சு. பிரெஞ்சுத் தொழிலாளி தன் நாட்டைப் பிடிச்சவனுக்காக முறுக்கின திருகாணி அதில் இருக்கு. உற்பத்தி எண்ணைத் தேடினால் அந்தக் கதை வரும். "ஜி7ஈ" என்று ஊகத்தில் எழுதிட்டுப் போனால் யாரும் அதுக்கு மேல தேட மாட்டாங்க. தப்பான விடை, விடையே இல்லாததைவிட மோசம். ஏன்னா அது கேள்வியை மூடிடும்.

மூணாவதுதான் முக்கியம். ஸ்டாலின்கிராடுக்குச் சாப்பாடும் தோட்டாவும் கொண்டுபோய், காயம்பட்டவங்களைத் தூக்கிட்டு வந்ததில் 266 யூ-52 போச்சுன்னு கணக்கு. 1940 மே மாதம் ஹாலந்தில் இருநூறுக்கு மேல். கிரீட்டில் நூற்றுக்கு மேல். ஒவ்வொன்றிலும் ஆட்கள். ஜெர்மன் விமானப்படையின் இழப்புப் பட்டியல்களில் உற்பத்தி எண், பிரிவு, இடம், விமானக் குழுவினர் பேர் எல்லாம் பதிஞ்சிருக்கு. இன்னிக்கும் சேத்திலிருந்தும் கடலிலிருந்தும் உடைஞ்ச துண்டுகள் வருது. அதில் ஒரு சின்னத் தகடு கிடைச்சு எண் படிக்க முடிஞ்சால், பட்டியலில் தேடி, உள்ளே இருந்தவர் பேரைச் சொல்லலாம். எண்பது வருஷமா "காணவில்லை" என்று இருந்த ஒரு பேருக்கு ஒரு இடம் கிடைக்கும். அவங்க யாருக்காகச் சண்டை போட்டாங்க என்பது வேற விவாதம். செத்தவங்க யாருன்னு சரியாச் சொல்லணும் என்பதில் விவாதமே இல்லை. இந்த வேலையை ஊகத்தில் செய்தால் ஒருத்தர் பிணத்துக்கு இன்னொருத்தர் பேரை வைப்போம்.

நிஜமான ஆராய்ச்சி எப்படி இருக்கும் என்பதுக்கு ஒரு உதாரணம். 1940 ஏப்ரல் 13ல், நார்வேயில் நார்விக் பக்கத்தில் உறைஞ்சு கிடந்த ஹார்ட்விக் ஏரி மேல பத்துக்கும் மேற்பட்ட யூ-52 இறங்கின. மலைப்படைப் பீரங்கிகளைக் கொண்டுவந்தவை. பெரும்பாலானவை திரும்பிக் கிளம்பவே இல்லை. வெயில் வந்து பனி உருகினதும் ஏரிக்குள் போயாச்சு. 1980களில் சிலவற்றை மேலே எடுத்தாங்க. ஜெர்மனியில் வுன்ஸ்டார்ஃபிலும் நார்வேயில் கார்டர்மோனிலும் பார்க்கலாம்.

இதுங்களோட மதிப்பு என்ன தெரியுமா? 1940 ஏப்ரலுக்கு அப்புறம் எந்தப் பட்டறையும் தொடல. எஞ்சின் மாத்தல, கதவு வெட்டல, துப்பாக்கி கூட்டல. அந்த நாளில் எப்படி இருந்துச்சோ அப்படி. தகடு இருக்கு, எண் இருக்கு, ஆவணமும் இருக்கு. இங்கே "ஜி4ஈ" என்று எழுதினால் நான் எழுந்து நின்னு கும்பிடுவேன். எழுத்துக்கு எதிரியில்லை நான், ஆதாரமில்லாத எழுத்துக்குத்தான் எதிரி.

பறந்துக்கிட்டு இருந்த விமானங்களுக்கு இது உயிர்ப் பிரச்சினையும்கூட. 1939ல் சுவிஸ் விமானப்படை வாங்கின மூணு ஜி4ஈயில் ஒன்று, சுற்றுலாப் பயணிகளை ஏற்றிக்கிட்டுப் போனபோது 2018 ஆகஸ்ட் 4ல் ஸெக்னாஸ் மலையில் விழுந்து 20 பேர் செத்தாங்க. ஆபத்தான விதத்தில் மலைகளுக்கு நடுவே ஓட்டியதும், எடைச் சமநிலை வரம்பைத் தாண்டிப் பின்னால் போனதும்தான் காரணம் என்று 2021ல் விசாரணை அறிக்கை சொன்னது. விபத்துக்குக் காரணமில்லை என்றாலும், அரிப்பு, விரிசல் என்று பராமரிப்புக் குறைகளையும் அதே அறிக்கை பட்டியல் போட்டது. காகிதத்தில் "1939 ஜி4ஈ" என்று அழகா இருக்கும். தகடு என்ன நிலையில் இருக்குன்னு காகிதம் சொல்லாது. பேரும் பொருளும் ஒண்ணுதான்னு நம்புறது எங்கே கொண்டுபோய் விடும்னு யோசிச்சுக்குங்க.

அப்போ என்னதான் பண்றது?

திட்டிட்டு மட்டும் போனா தப்பு. உருப்படியா அஞ்சு விஷயம் சொல்லிடுறேன்.

1. தெரியலைன்னா "யூ-52/3எம்" என்று எழுதி நிறுத்துங்க. அது அவமானம் இல்லை. முற்றுப்புள்ளி வைக்கத் தெரிஞ்சவன்தான் நிபுணன்.

2. பார்த்ததை எழுதுங்க. "வால் சக்கரம் தெரிகிறது, சக்கர உறை இல்லை, வலப்பக்கம் தெரியவில்லை." அடுத்து வர்றவருக்கு இது உங்க ஊகத்தைவிட நூறு மடங்கு உபயோகம்.

3. எழுத்து போட்டே ஆகணும்னா ஏன் போட்டீங்கன்னு சொல்லுங்க. தகடா, விமானியின் பறப்புக் குறிப்பேடா, இழப்புப் பட்டியலா, தொழிற்சாலைக் குறியீடா? காரணம் இல்லாத எழுத்து வெறும் அலங்காரம்.

4. மூணு காலத்தைப் பிரிங்க: என்னவாப் பிறந்தது, படம் எடுத்தபோது என்னவா இருந்தது, இப்போ என்னவா இருக்கு. டி-அக்விக்கு இந்த மூணும் மூணு விதம்.

5. அருங்காட்சியகத்தில் நின்னு எடுத்த படம்னா முதல் கேள்வி "எந்த ரகம்" இல்லை. "ஸ்பெயினா, பிரான்ஸா, ஜெர்மனியா?" என்பதுதான்.

"இப்படி எல்லாம் பார்த்தா எதையுமே எழுத முடியாதே" என்று சிலர் அலுத்துக்குவாங்க. எழுதலாமே, தாராளமா. ஊகம் செய்யலாம், "அநேகமாக" என்று ஒரு வார்த்தை சேர்த்து. தமிழில் "போல", "இருக்கலாம்", "எனத் தோன்றுகிறது" என்று எத்தனை அழகான சொற்கள் வச்சிருக்கோம்! இதுக்கெல்லாம் காசு கேட்க மாட்டாங்க. நாலு எழுத்து கூடுதலா தட்டச்சணும், அவ்வளவுதான்.

மாடல் செய்யும் நண்பர்கள் கோச்சுக்க வேண்டாம். டப்பா மேல ஏதோ ஒரு ஜி போட்டுத்தான் விற்பான், அவன் வியாபாரம் அது. உங்க மேசையில் நிக்கிற விமானத்துக்கு நீங்க எந்த எழுத்து வச்சாலும் யாரும் கேட்கப் போறதில்லை. ஆனா அந்த டப்பா எழுத்தை எடுத்துட்டுப் போய் 1942ல் எடுத்த ஒரு நிஜப் படத்துக்குக் கீழே ஒட்டாதீங்க. அந்தப் படத்தில் இருப்பவங்க பிளாஸ்டிக் இல்லை.

வரலாற்றில் தெரியாதது ஏகப்பட்டது இருக்கு. அதைத் தெரியாததாவே விட்டு வச்சா, என்னிக்காவது ஒரு தகடு சேத்திலிருந்து வெளியே வரும்போது அதுக்கு உட்கார ஒரு காலி இடம் இருக்கும். நாம அந்த இடத்தில் ஒரு பொய்யை உட்கார வச்சுட்டா, வர்ற உண்மை வெளியேதான் நிக்கணும்.

டிஸ்கி 1: "ஜி7ஈதான், எனக்கு நல்லாத் தெரியும்" என்று சொல்ல வர்றவங்க தாராளமா வாங்க. வரும்போது உற்பத்தி எண்ணைக் கையோட எடுத்துட்டு வாங்க. எண் இருந்தால் பின்னூட்டத்தில் பேசுவோம், இல்லைன்னா டீ குடிச்சுட்டுக் கிளம்புங்க :-)

டிஸ்கி 2: அடுத்து மெஸ்ஸெர்ஷ்மிட் 323 ஜைகன்ட் பற்றி எழுதச் சொல்லி யாரும் கேட்கல. ஆனாலும் எழுதுவேன்.